கோரிமேட்டிலிருந்து சுற்றிய பிள்ளைச்சாவடி ஆன்டெனா

அன்புமிக்க மாப்பிள்ளை முஹம்மது ஆரிப் அவர்களுக்கு, மாமனார் கரீம் ஸலாம் சொல்லி எழுதுவது. மாமியின் முழங்கால் தேறி வருகிறது. அங்கே நீங்களும் அஃப்ஷீனும் ஹிபாக்குட்டியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

நீங்கள் செய்த உபகாரத்தை எந்த வாயால் சொல்வேன்? மாமியின் முழங்கால் ஆபரேஷனுக்காக, ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று கோரிமேட்டு பிளாட்டுக்கு வந்தோம். இங்கே மொட்டை மாடியில் ஆன்டெனா வைக்க விடமாட்டார்கள் என்பதால் என் ஹாம் ரேடியோ பிள்ளைச்சாவடி வீட்டிலேயே தங்கிவிட்டது. சிங்கப்பூர் சிநேகிதர் எழிலரசனோடு அதில் காலை ஏழு மணிக்குப் பேசுவது இருபது வருஷப் பழக்கம். அதற்காக மாமியைத் தனியே விட்டுவிட்டு ரெண்டு பஸ் மாறி ஓடுவேன். மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். இப்போது அந்த ரேடியோவை இன்டர்நெட் வழியாக லேப்டாப்பிலேயே இயக்க வைத்துவிட்டீர்கள். மாமியின் கட்டிலருகிலேயே உட்கார்ந்து பேசுகிறேன். அல்லாஹ் உங்களுக்குப் பரக்கத் செய்யட்டும்!

கோளாறு இல்லாமல் இல்லை. முதல் நாள் பாதிப் பேச்சில் ரேடியோ செத்துவிட்டது. அங்கே கீழ்வீட்டில் குடியிருக்கும் அஞ்சலாட்சிக்குப் போன் போட்டால், "வெளிய கெளம்பினா மெயினை அணைச்சுட்டுத்தான் பாய் போவேன்" என்கிறாள். அவளைக் கெஞ்சிக் கூத்தாடிச் சரிக்கட்டி, மறுநாள் மத்தியானம் ஒத்திகையாக, ஆன்டெனாக் கம்பத்தைச் சிங்கப்பூர் பக்கம் திருப்பும் மோட்டார் பட்டனை இங்கிருந்தே லேப்டாப்பில் அழுத்தினேன். ஐயோ மாப்பிள்ளை, உடனே போன் அலறியது.

"பாய்! என் பொடவ, அவரு லுங்கி, எல்லாம் கம்பத்தச் சுத்தி ஏறுதே! யாரு பாய் சுத்துறது?"

"நான்தாம்மா. ஆன்டெனா கம்பத்துல எதுக்கும்மா துணிக்கொடி கட்டினே?"

"நீங்கதான் இங்க இல்லியே, சும்மா நிக்குதேன்னு கட்டினேன்."

பதற்றத்தில் நிறுத்துவதற்குப் பதில் எதிர்ப்பக்கம் அழுத்திவிட்டேன். கொடி அறுந்து லுங்கி பக்கத்து மாடிக்குப் போய்விட்டது. நீங்கள் ஆபீஸ் மீட்டிங்கிலிருந்து எழுந்து வந்து, எந்தப் பட்டன் நிறுத்தும் என்று போனிலேயே சொல்லிக்கொடுத்தீர்களே, பெற்ற பிள்ளைகூட இவ்வளவு பொறுமையாகச் சொல்லாது. இன்று எழிலரசன் குரல் கணீரென்று கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அஃப்ஷீனுக்கு எங்கள் அன்பும் ஹிபாவுக்கு முத்தங்களும். மூவருக்கும் ஆண்டவன் நீண்ட ஆயுளைத் தருவானாக.

இப்படிக்கு,
என்றும் நன்றி மறவாத
கரீம்

பி.கு.: கடிதத்தை மாமிக்குப் படித்துக் காட்டினேன். "நீங்க பிள்ளைச்சாவடி போற அந்த மூணு மணி நேரந்தான் எனக்குத் தூக்கம். இப்ப காதுகிட்ட உக்காந்து 'ஓவர், ஓவர்'னு கத்துறீங்க, முட்டி எப்பிடி ஆறும்? போயிட்டு வந்து சேதி சொல்லுவீங்க பாருங்க, அதுதான் எனக்குப் புடிக்கும்" என்கிறாள். முன்னாலேயே ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "மாப்ள மனசு நோவக் கூடாதுன்னுதான்" என்கிறாள். ஆகவே மாப்பிள்ளை, அடுத்த முறை வரும்போது இந்த இன்டர்நெட் இணைப்பு எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். நாளைக்கு நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்கிறேன்.