தட்டை ஊதச் சொன்னீங்களாமே

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு, மச்சான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் நலம், நீங்கள் விட்டுப்போன கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டியும் நலம். அங்கே உங்கள் கால் எலும்பும் கோணாமல் ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

நீங்க காலை உடைச்சுக்கிட்டுப் படுத்ததும், உங்க வேலையை வேற ஒருத்தன் தட்டிக்கிட்டுப் போயிடக் கூடாதேன்னுதான் உங்க இடத்துல நான் நிக்கிறேன். தொட்டி நாறினா வேற ஆளைப் போட்டுடுவேன்னு இன்ஜினியரம்மா முதல் நாளே சொல்லிட்டாங்க. நானும் கவனமாத்தான் இருந்தேன். ஆனா முக்கியமான விஷயத்தைப் போயும் போயும் என் தங்கச்சி வாயில சொல்லி அனுப்பினீங்க பாருங்க, அங்கதான் வந்தது வினை. "அண்ணே, தட்டு அடைக்காம இருக்க தினமும் ஒருவாட்டி பலமா ஊதணுமாம்"னா. எனக்குத் தெரிஞ்ச தட்டு சோத்துத் தட்டு ஒண்ணுதான். சாப்பிட உக்காந்தா முதல்ல கன்னம் உப்ப ஊதுவேன். "என்னண்ணே இது?"ன்னான் மெக்கானிக். "மாப்பிள்ளை உத்தரவுடா"ன்னேன். அவனும் ஊதினான். வாட்ச்மேனும் ஊதினார்.

அங்க தொட்டியில பால் நுரை மாதிரி வந்துக்கிட்டிருந்த பொடிக் குமிழி, பூசணிக்கா கணக்கா குபுக் குபுக்னு வர ஆரம்பிச்சுது. நாத்தமோ, மூக்கடைப்புக்கார வாட்ச்மேனே மூக்கைப் பொத்திக்கிட்டார். இன்ஜினியரம்மா ஓடிவந்து, "தட்டை ஊதினீங்களா இல்லையா?"ன்னாங்க. "ஊதி, சாப்பிட்டு, கழுவியே கவுத்துட்டேம்மா"ன்னேன். அந்தம்மா சிரிச்ச சிரிப்புல மூக்குக் கண்ணாடி கழண்டு விழுந்துடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, தட்டுன்னா தொட்டிக்குள்ள அடித்தரையில காத்து விடுற ரப்பர் தட்டாம். வால்வை முழுசாத் திறந்து பெருங்காத்தா விட்டா ரப்பர் உப்பி, ஓட்டையில ஒட்டின அழுக்கு பிச்சுக்கிட்டுப் போயிடுமாம். திறந்தாங்க. தொட்டி பொங்கி எங்க எல்லாரையும் குளிப்பாட்டிடுச்சு! அப்புறம் பாருங்க, பழையபடி பொடிப்பொடிக் குமிழி. நனைஞ்ச சட்டையோட நாங்க குதிச்ச குதியைப் பார்த்திருந்தா நீங்க இன்னொரு காலையும் உடைச்சிருப்பீங்க. "உங்க மாப்பிள்ளை வேலை தப்பிச்சுது"ன்னாங்க அம்மா.

ஆகவே அவசரமே வேண்டாம், நல்லாப் படுத்து எழுந்திருங்க. உங்களுக்குப் பொறுமையும், உங்களை வெச்சுக் காலம் தள்ளுற என் தங்கச்சிக்கு ரெட்டைப் பொறுமையும் கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வேலையைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கும் மச்சான்.

பின்குறிப்பு: தொட்டிக்குக் காத்தடிக்கிற புளோயர் மெஷின் இரைச்சல்ல ஒரு வரியும் ஓடலை. அதை நிறுத்திட்டுத்தான் இவ்வளவும் எழுதினேன். காத்து நின்னா சேறு மொத்தமும் தட்டு மேல இறங்கி உக்காந்துக்குமாம். இன்ஜினியரம்மா தலையில கை வெச்சுக்கிட்டு இப்பதான் சொல்றாங்க. இந்தக் கடிதம் கொண்டுவர்ற டிரைவரோடயே நீங்க கிளம்பணுமாம். கட்டோட வந்தாலும் சரி, கட்டிலோட வந்தாலும் சரி, நீங்கதான் வேணுமாம்.