கூட்டுத்தொகையில் முந்திய யூட்சன்

பேஸ்போல் என்ற விளையாட்டை வட அமெரிக்கர்கள் நூறு வருடத்துக்கு மேலாகத் தப்பாகவே கணக்குப் பார்த்து வந்திருக்கிறார்கள். அதைத் திருத்திய பெருமை கனடாவில், ஸ்காபரோவில் இயங்கும் எங்கள் ஊர்ச் சங்கத்தையே சேரும். செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த தன்னடக்கத்தோடு அறிவிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊர்ச் சங்கங்களுக்கிடையிலான இறுதியாட்டம். இரண்டாவது பேஸில் நின்று பந்து மறிக்க ஒருவருக்குத்தான் இடம். கேட்டு நின்றவர்களோ இருவர். ஒருவன் யூட்சன். அவன் தலைவர் எட்வேட்டின் மகன் என்பது முற்றிலும் தற்செயலானது. மற்றவள் ஸ்டெபனி. அடுத்த மாதம் தூரத்துக் கல்கரி நகரத்துக்கு வேலைக்குப் போகிறாள். எங்களுக்காக அவள் ஆடக்கூடிய கடைசி ஆட்டம் இது. அதற்காகக் கோடை முழுக்க ஒரு பயிற்சியைக்கூட அவள் தவறவிடவில்லை.

பக்கத்து ஊரான ஸ்ரௌவ்வில்லில், தலைவர் வீட்டு நிலவறையான பேஸ்மென்றில், 'உயர்மட்டத் தெரிவுக்குழு' கூடியது. ரோல்ஸும் பற்றிஸும் தின்று முடிந்த பிறகு, நடுநிலைமை கருதி, இருவருடைய முழு விளையாட்டு வாழ்க்கையையும் எண்களால் ஒப்பிடுவதென்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

இருவரையும் முன்னால் இருத்திவிட்டு, நான் எழுந்து வாசித்தேன். அடித்து ஓடியவை: யூட்சன் 41, ஸ்டெபனி 112. அடிக்க முடியாமலே வெளியேறியவை: யூட்சன் 96, ஸ்டெபனி 17. கைக்கு வந்த பந்தைக் கோட்டை விட்டவை, அதாவது 'எரர்': யூட்சன் 58, ஸ்டெபனி 4.

தலைவர் கண்ணை மூடி யோசித்தார். "எல்லாத்தையும் கூட்டுங்கோ."

கூட்டினேன். யூட்சன் 195. ஸ்டெபனி 133. பேஸ்மென்றே கைதட்டியது.

"அங்கிள், எரர் எண்டா மைனஸ்! அதைக் கழிக்கவெல்லோ வேணும்?" என்றாள் ஸ்டெபனி.

"பிள்ளை, எங்கட சங்கத்தில கழிக்கிற பழக்கம் இல்லை," என்றார் தலைவர் கனிவோடு. "ஒண்டையும் வீணாக்காம சேர்த்துக்கொண்டு போறதுதான் எங்கட கொள்கை."

"அப்பா, ஷீ இஸ் வே பெட்டர்! என்னை விடுங்கோ, நான் பார்பிக்யூவைப் பாக்கிறன்," என்று யூட்சன் கெஞ்சினான்.

இந்தப் பணிவைப் பாராட்டி அவனுக்கு மேலதிகமாக ஐந்து புள்ளிகள் வழங்கினோம்.

ஞாயிறும் வந்தது. கடைசி இனிங்ஸ். நாங்கள் ஒரு ரன் முன்னுக்கு நின்றோம். இன்னும் ஒருவரை வெளியேற்றினால் கோப்பை எங்களுக்கு. பந்து நேரே யூட்சனிடம் உருண்டு வந்து, அவன் காலுக்கு நடுவால் மரியாதையாகக் கடந்து போனது. எதிரணியில் இருவர் ஓடி முடித்துவிட்டார்கள்; கோப்பை அவர்களுக்குப் போனது. ஓரத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஸ்டெபனி முகத்தைப் பொத்திக்கொண்டாள். பாவம், எனக்கே பார்க்கப் பொறுக்கவில்லை.

தலைவர் மட்டும் கலங்கவில்லை. "அம்பத்தொன்பது! எழுதுங்கோ செயலாளர்!" என்றார்.

அங்கேயே, பார்பிக்யூ புகைக்கு மத்தியில், யூட்சனுக்கு 'வாழ்நாள் சாதனை'க் கேடயம் வழங்கப்பட்டது. அவன் அதை நேரே கொண்டுபோய் ஸ்டெபனியின் கையில் திணித்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு எங்களிடம் வந்தாள்.

"கொமிற்றி விட்ட எரர் எத்தினை, அங்கிள்? ஒருக்கா அதையும் கூட்டிப் பாருங்கோவன்."

நியாயமான கோரிக்கை. சங்கம் தொடங்கிய வருடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருகிறோம், இன்னும் முடிந்தபாடில்லை. அந்தக் கணக்கில் யூட்சன் எங்களுக்குக் கிட்டவும் வரமாட்டான். கேடயத்தை எங்களுக்கு முன்னால் மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். அது இப்போது சங்க அலுவலகத்தில், உரியவர்களிடமே இருக்கிறது.