மழைவழிக் கல்வி

மூன்றாம் வகுப்பின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. பழுதுபார்க்க அரசு நிதி கேட்டு முறைப்படி விண்ணப்பித்திருந்தார் தலைமையாசிரியை. விண்ணப்பத்தின் மீது உரிய கவனம் செலுத்தப்பட்டு வந்ததில், பிள்ளைகள் ஐந்தாம் வகுப்புக்குத் தேறிவிட்டார்கள். கூரை மட்டும் மூன்றாம் வகுப்பிலேயே ஒழுகிக்கொண்டிருந்தது.

ஒருவழியாக ஆய்வு அதிகாரி வந்தார். அண்ணாந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இது போதாதும்மா. மிக நலிந்த பள்ளிக்குத்தான் நிதி. உங்களுது வெறும் நலிந்த பள்ளி."

"பிள்ளைங்க நனையறாங்க சார்!"

"நனையட்டும். ஆனா பெஞ்சுல உட்கார்ந்துல்ல நனையறாங்க! அது வசதில வந்துடுமே."

பழுதுபார்க்க வேண்டுமானால் முதலில் நன்றாகப் பழுதாக்க வேண்டும் என்பது தலைமையாசிரியைக்கு அப்போதுதான் உறைத்தது. காவலாளியைக் கூப்பிட்டு பெஞ்சு, நாற்காலி எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினார். ஜன்னல் கதவுகளைக் கழற்றச் சொன்னார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைத் தனியே அழைத்துக் கெஞ்சினார்.

"கண்ணுங்களா, ஏழெட்டு எவ்வளவுன்னு அந்த சார் கேட்டா, ஐம்பத்தாறுன்னு உளறி வைக்காதீங்க."

"பின்ன என்ன டீச்சர் சொல்றது?"

"வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க."

மறு ஆய்வில் அதிகாரி அசந்துபோனார். "அடடா! இப்படியொரு நலிவை என் சர்வீஸ்லயே பார்த்ததில்லைம்மா!"

அடுத்த வாரமே ஆணை வந்தது. 'முன்மாதிரி நலிந்த பள்ளி'யாக அது அறிவிக்கப்பட்டிருந்தது. எனவே இனி அங்கே ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. நிதியும் உண்டு, பார்வையாளர்கள் நனையாமல் நின்று பார்க்க ஒரு கொட்டகைக்கு.

தலைமையாசிரியை பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தரையில்தான்.

கொட்டகைக்கு முதலில் வந்தவர் பக்கத்துத் தெருத் தனியார் பள்ளியின் தாளாளர். குளிரூட்டிய வகுப்பறைகளுக்குச் சொந்தக்காரர். நனைந்துகொண்டே பாட்டுப் பாடிய பிள்ளைகளை வாய்பிளந்து பார்த்தார். மறுமாதம் தன் பள்ளிக் கூரையில் அளவெடுத்து ஓட்டைகள் போட்டு, 'மழைவழிக் கல்வி' என்று பலகை மாட்டினார். கட்டணம் இரண்டு மடங்கு. ஊரே முண்டியடித்தது.

சேர்க்கை வரிசையில் பேத்தியோடு நின்ற அதிகாரி தற்செயலாகத் திரும்பினார். பின்னால், சின்ன மகளின் கையைப் பிடித்தபடி தலைமையாசிரியை.

"நீங்களுமாம்மா? உங்க பள்ளிலயே பிரமாதமா ஒழுகுதே!"

அவர் அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"என்ன இருந்தாலும் அது கவர்ன்மென்ட் ஒழுகல் சார். பெத்த பொண்ணு விஷயத்துல நம்ப முடியுமா?"