கடலுக்குப் போகும் வழியில் உள்ள மால்கள்

மெந்தோசா,
பிப்ரவரி, வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய மச்சான் உபால்தோ அவர்களுக்கு, தங்கள் தங்கை நேலிதாவின் கணவன் அன்செல்மோ மிக்க மரியாதையுடன் எழுதிக்கொள்வது. லூஹான் மாதா புண்ணியத்தில் நாங்கள் இருவரும் இங்கு சுகம். கோர்தோபாவில் தாங்களும் தங்கள் ரத்த அழுத்தமும் அவ்வாறே இருக்க வேண்டும். குரல் பதிவாக அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

விடுமுறைக்கு மலையைத் தாண்டி சிலிக்குப் போகலாம் என்று நாங்கள் பேசியபோது நான் கேட்டது ஒன்றுதான், கடல். திராட்சைத் தோட்டங்களுக்கு வாய்க்கால் மதகைத் திறந்து, இன்னாருக்கு இவ்வளவு நேரம் என்று தண்ணீரைப் பங்கிட்டு, அதற்காக ஊரெல்லாம் திட்டு வாங்கி ஓய்வு பெற்றவன் நான். யாரும் பங்கு கேட்டுச் சண்டைக்கு வராத தண்ணீரைச் சாவதற்குள் ஒரு தடவை பார்க்க ஆசைப்பட்டேன். நேலிதாவும் சம்மதித்தாள். அந்த நேரம் பார்த்துத் தாங்கள், சாந்தியாகோவில் எந்த மாலுக்குப் போவது, எந்தத் தள்ளுபடி அவுட்லெட்டைத் தவறவிடக் கூடாது என்று ஒரு நீண்ட குரல் பதிவை அனுப்பிவைத்தீர்கள். மலைப்பாதை நெடுகிலும் அவள் அதை ஜெபமாலை போலத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தாள்.

தாங்கள் மெச்சிய பெரிய மாலில் ஒரு கோட்டு இருந்தது. விலை நம் ஊரில் பாதி. அடுத்த மாலில் இன்னும் மலிவு என்று தாங்கள் சொல்லியிருந்ததால் வாங்கவில்லை. அடுத்த மாலில் கோட்டுகளே இல்லை, குளிர்பதனப் பெட்டிகள்தான் இருந்தன. ஊருக்கு வெளியே ஓர் அவுட்லெட்டில் அதே மாதிரிக் கோட்டு கிடைத்தது, ஆனால் அது உண்மையிலேயே மலிவா என்று தெரிய முதல் மாலுக்குத் திரும்பி விலையைப் பார்க்க வேண்டியிருந்தது, அதைப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவுட்லெட்டை மூடிவிட்டார்கள். கடலுக்கு நாளைக்குப் போகலாம் என்றாள். மறுநாளும் அதையே சொன்னாள். நம் மெந்தோசா ஊரே அந்த மால்களில்தான் இருந்தது. ஊரில் என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத எதிர்வீட்டு ரோசெந்தோ அங்கே என்னைக் கட்டிப்பிடித்து, டயர் எந்த மாலில் மலிவு என்று கேட்டான். நான் அலுத்துக்கொண்டால் நேலிதா சொல்வது ஒன்றுதான்: "எங்க அண்ணன் சும்மா சொல்ல மாட்டாருங்க."

கிளம்பும் நாள் காலையில், வாங்கிய எல்லாத் துணியிலும் விலைச்சீட்டைக் கத்தரித்துவிட்டு, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டோம். பையில் இருந்தால் எல்லைச் சுங்கத்தில் வரி போடுவான், உடம்பில் இருந்தால் கேட்க மாட்டான். எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்ததே தாங்கள்தான். பழைய துணிகளை விடுதியிலேயே விட்டுவிட்டோம். நடுக்கோடை ஜனவரியில் நான் மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஒரு கம்பளிச் சட்டையோடு வண்டி ஓட்டினேன். நேலிதா நாலு உடுப்புக்கு மேல், கடைசியில் ஒருவழியாக வாங்கிவிட்ட அந்தக் கோட்டையும் மாட்டியிருந்தாள். இன்றைக்காவது கடல் என்று நான் சத்தம் போட்ட பிறகு, கடலுக்குப் போகும் வழியிலேயே அண்ணன் சொன்ன கடைசி அவுட்லெட் இருக்கிறது என்றாள்.

போய்ப் பார்த்தால் கதவு பூட்டிக் கிடந்தது. சரக்குக் கணக்கெடுப்பாம், நாளைக்குத்தான் திறப்பார்கள் என்று காவலாளி சொன்னான். அவள் கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இனிமே எங்கங்க போறது?"

"கடலுக்கு."

"அதையும் மூடியிருப்பாங்களோ?"

மூடவில்லை. வீன்யா கடற்கரையில் அரைகுறை உடையோடு படுத்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்து எங்களைப் பார்த்தார்கள். நான் ஈர மணலுக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டேன். பழக்கதோஷத்தில் கண் மதகைத் தேடியது. மதகும் இல்லை, அக்கரையும் இல்லை. மச்சானிடம் சொல்வதற்கென்ன, அழுதுவிட்டேன். நேலிதா வந்து கையைப் பிடித்தாள்.

"இங்க யாரு முறைன்னு யாரும் கேக்க மாட்டாங்க. வாங்க."

கோட்டோடு அவள் இறங்கினாள், நானும் இறங்கினேன்.

இதன் விளைவுகளையும் தாங்கள் அறிய வேண்டும். கோட்டுச் சாயம் நாலு உடுப்பிலும் இறங்கிவிட்டது. என் கம்பளிச் சட்டை காய்ந்து சுருங்கி, இப்போது பொம்மைக்குப் போடலாம். உப்புப் பூத்துப்போய் நின்ற எங்களைப் பார்த்துச் சுங்க அதிகாரி ஒரு கேள்வியும் கேட்காமல், பாவம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். வாங்கிய துணியில் ஒன்றுகூட உருப்படியாக வீடு வந்து சேரவில்லை. ஆகவே இனி எக்காலத்திலும் எங்களுக்கு எந்த மாலையும் சிபாரிசு செய்ய வேண்டாம் என்று பணிவோடும் கண்டிப்போடும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டாருக்கு எங்கள் அன்பு. தாங்கள் உப்பைக் குறைத்து, மாதா துணையுடன் நெடுநாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
அன்செல்மோ

பி.கு.: துணியெல்லாம் வீணாகிவிட்டதால் அடுத்த ஜனவரியில் மறுபடி போய் வாங்கியாக வேண்டும் என்கிறாள் நேலிதா. எந்த மால் நல்லது என்று தங்களைத்தான் கேட்கப்போகிறாள். மேலே எழுதியதை மறந்துவிடவும். கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் ஒரு மால் இருக்கிறது, அதைப் போல வேறு கிடையாது என்று சொல்லவும். அப்படி ஒன்று இல்லாவிட்டாலும் சொல்லவும்.