ஒரு வாக்காளரைக்கூடக் கீறாத தேவி அக்கா

“...அது இன்னாவோ போவட்டும்டி, நான் எப்போடி பூனையானேன்? ஜனங்கள நான் இன்னாத்துக்குடி கீறப்போறேன்?”

கேட்டவர் தேவி அக்கா. மேனாம்பேட்டில் எங்கள் தெருமுனையில் இட்லி மாவுக் கடை வைத்திருப்பவர். ஒரு கையில் மாவு, மறு கையில் யாரோ நீட்டிய போன். பாத்திரமும் கையுமாகக் கடையைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

எனக்குப் பதில் தெரியும். வாய்தான் வரவில்லை. என் வாய்க்கு வழக்கமாக அந்தக் கோளாறு கிடையாது. பெயரே பேச்சியம்மாள். (ஆபரேஷனுக்கு மயக்க ஊசி போட்டபோதுகூட டாக்டரிடம் எதையோ சொல்லிக்கொண்டேதான் போனேனாம். பாதியில் நின்ற அந்தக் கதையை இன்றுவரை அவர் கேட்கவில்லை.)

தெரியாத வேலையைச் செய்து கெடுப்பவர்கள் ஒரு ரகம். ஒழுங்காக இருப்பதைத் திருத்திக் கெடுப்பவர்கள் இன்னொரு ரகம். நான் இரண்டாவது. எழுத்துப்பிழையைக் கண்டால் எனக்குக் கை நிற்காது. ஒருமுறை கல்யாணப் பத்திரிகையில் சந்திப்பிழையை வட்டம் போட்டு மாப்பிள்ளையின் அப்பாவிடமே காட்டினேன். அந்த வீட்டில் அதற்குப் பிறகு மூன்று விசேஷம் நடந்துவிட்டது. ஒன்றுக்கும் எனக்குப் பத்திரிகை வரவில்லை. பிழை இருக்கும் என்ற பயமாகத்தான் இருக்கும்.

நான் சங்கரன்கோவில் பக்கம். கல்யாணமாகி, வேலையும் கிடைத்து, மேனாம்பேட்டு ஃபிளாட்டுக்குக் குடிவந்து அப்போது ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது. ரயிலிலும் கடையிலும் ஜனங்கள் சொல்லும் சொலவடைகளைப் பிடித்து, போனில் ஒரு சேனல் நடத்திக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்கள் பெரும்பாலும் என் சொந்தக்காரர்கள்; அதிலும் பாதிப் பேர் என் கழுத்தில் தாலிச்சங்கிலி இருக்கிறதா என்று பார்க்க வருபவர்கள்.

சொலவடைக்கு அலைந்த எனக்கு தேவி அக்கா ஒரு புதையல். மாவு அளந்துகொண்டே ஒன்றை எடுத்து விடுவார். “மாவு புளிச்சா தோசை, மனுசன் புளிச்சா பாலிடிக்ஸ்” என்பது அவர் சொன்னதுதான். அப்படிச் சொன்னவரே அந்த உள்ளாட்சித் தேர்தலில் சுயேச்சையாக நின்றார்.

காரணம் கால்வாய். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மழைநீர்க் கால்வாய் இருக்கிறது. இருக்கிறது என்று பெயர்தான். ஆகாயத்தாமரையும் குப்பையும் அடைத்து, மேலே கிரிக்கெட் ஆடலாம் போல இருக்கும். ஒவ்வொரு மழைக்கும் தண்ணீர் தெருவுக்குள் வந்து, முதலில் நுழைவது தேவி அக்கா கடையில். இரண்டு கிரைண்டர் மோட்டார்கள் அப்படியே போயின. வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதும் பெரிய கட்சிகள் வழக்கம்போல யாராவது ஒருவரின் மனைவியை நிறுத்தின. மனைவி வீட்டில் இருப்பார். வெள்ளைச் சட்டை போட்ட கணவர் ஓட்டுக் கேட்பார். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. “என் ஊட்டுக்காரரு ஓட்டு கேக்க வரமாட்டாரு. அவுரு மாவு ஆட்டணும். நானேதான் வருவேன்” என்று மனு போட்டுவிட்டார்.

சின்னமாக கிரைண்டர் கேட்டார். நகவெட்டி கிடைத்தது.

“பேச்சி, நீதான் வீடியோவெல்லாம் போடுறியே. எனக்கு ஒண்ணு போட்டுக் குடுடி. வேன், மைக்கெல்லாம் நம்மளால ஆவாது. இதான் நம்ம பிரசாரம்” என்றார்.

கடையிலேயே எடுத்தோம். பின்னால் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவர் முகத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா, மூக்குத்தி மின்னுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, காதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அக்கா அழகாகப் பேசினார்:

“நான் உங்க ஊட்டாண்டயேதான் கீறேன். ராத்திரி பகல்னு பாக்காம, கூப்ட்டா வந்துகினே கீறேன். ஜனங்க கூடவே கீறவ நான். நகவெட்டில ஒரு குத்து குத்துங்க.”

அவ்வளவுதான். சென்னைக்காரர் யாருக்கும் இதில் புரியாதது ஒன்றுமில்லை. ‘உங்கள் வீட்டருகிலேயே இருக்கிறேன், கூப்பிட்டால் வந்துகொண்டே இருக்கிறேன்.’ பொத்தானில் ஒரு குத்து. முடிந்தது.

மறுநாள் காலை அம்பத்தூரில் சென்ட்ரல் போகும் ரயில் ஏறினேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. (கெட்ட நேரம் வரும்போது இப்படித்தான் முதலில் ஒரு ஜன்னலோரம் கொடுக்கும்.) ஆபீசில் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோ பார்ப்பவர்கள் அதிகம், அதனால் கீழே எழுத்து ஓட வேண்டும் என்று எனக்கு ஒரு ஞானம். பேச்சைக் கேட்டுத் தானே எழுதிக் கொடுக்கும் ஆப் ஒன்றில் வீடியோவைப் போட்டேன். பேசிய மெட்ராஸ் தமிழையும் பின்னால் ஓடிய கிரைண்டரையும் சேர்த்து அரைத்து அது ஒன்றை எழுதிக் கொடுத்தது. சத்தம் வைத்துச் சரிபார்க்கலாம் என்று பையில் கையை விட்டால், இயர்போன் வீட்டில் ஃபிரிட்ஜ் மேல்.

‘எழுதியிருக்கிறதே, படித்தால் போதாதா?’ என்று படித்தேன். ஐயோ, எவ்வளவு பிழை! ‘ஊட்டி ஆண்டவளைத்தான் கீறேன்’ என்றிருந்தது. வேற்றுமை உருபைக் காணோம். ‘வந்து கிணறு கீறேன்’ என்றிருந்தது. வினைச்சொல் அரைகுறை. எனக்குக் கை நிற்குமா? வில்லிவாக்கம் வருவதற்குள் உட்கார்ந்து திருத்திவிட்டேன்:

“நான் உங்கள் ஊட்டியை ஆண்டவளைத்தான் கீறுகிறேன். இரவு பகல் பார்க்காமல் கூப்பிட்டால் வந்து கிணறு கீறுகிறேன். ஜனங்களைக் கூடவே கீறுபவள் நான். நகவெட்டியால் ஒரு குத்து குத்துங்கள்.”

சந்தேகமே வரவில்லையா என்று கேட்பீர்கள். வந்தது. ஊட்டி எதற்கு என்று ஒரு கணம் யோசித்தேன். அக்காவுக்கு அங்கே ஏதோ பழைய பகை போலிருக்கிறது, அடுத்தவர் குடும்ப விஷயம் நமக்கெதற்கு என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன். கிணறு வெட்டுவதை இந்த ஊரில் ‘கீறுவது’ என்பார்கள் போல என்று ஒரு புதுச்சொல் கற்ற சந்தோஷம் வேறு. மஞ்சள் நிறத்தில், கொட்டை எழுத்தில் போட்டு, தெரு குரூப், ஃபிளாட் குரூப், ரயில் தோழிகள் குரூப் எல்லாவற்றிலும் அனுப்பிவிட்டு, சென்ட்ரலில் இறங்கி நிம்மதியாகக் காபி குடித்தேன்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் மாரியப்பன் போன் பண்ணினார்.

“ஏட்டி, தேவி அக்கா யாரைக் கொல்லப் போறாவ?”

“என்ன உளறுதீய?”

“நான் உளறுதனா? நகவெட்டியால குத்துங்கன்னு நீ எழுதிருக்க. வாய் போதாதுன்னு எழுத்து வேறயா உனக்கு?”

அப்போதுதான் சத்தம் வைத்துக் கேட்டேன்.

அழிக்கலாம் என்று பார்த்தால், நம் குரூப்பில் அழித்தால் நம் குரூப்பில்தானே அழியும்? அது ஆவடி, பட்டாபிராம், பூந்தமல்லி எல்லாம் தாண்டி, ஒரு கேலிப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தது. பூனை உடம்பில் அக்காவின் தலையை ஒட்டி, கையில் ஆளுயர நகவெட்டியைக் கொடுத்திருந்தார்கள். ‘ஊட்டி மக்கள் எச்சரிக்கையாக இருக்கவும்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே ஊட்டிக்காரர் ஒருவர் நிஜமாகவே, ‘நாங்க என்னம்மா தப்பு பண்ணோம்?’ என்று கேட்டிருந்தார். ‘எங்க வீட்ல கிணறு கீறணும், சதுரடி என்ன ரேட்?’ என்று இன்னொருவர். அந்த வெள்ளைச் சட்டைக் கணவர்களில் ஒருவர் இதை விடுவாரா? வேனில் மைக்கைப் பிடித்து, “தாய்மார்களே, கன்னத்த மூடிக்கினு ஓட்டுப் போட வாங்க!” என்று தெருத்தெருவாக முழங்கிக்கொண்டு போனார்.

பிரசாரம் முடிய இரண்டே நாள். வேனும் மைக்கும் இல்லாத அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு வீடியோ. அதையும் நான் தமிழ்ப்படுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் கடையில்தான் அந்தக் கேள்வி: எப்போடி பூனையானேன்?

“யக்கா, ஆப்பு...” என்று ஆரம்பித்தேன்.

“ஆப்புதான்டி. எனக்குத்தான் வெச்சிக்கீறே” என்றார்.

மன்னிப்புக் கேட்டு ஒரு வீடியோ போடுகிறேன் என்றேன். “வாணாம் தாயி! நீ அதுல இன்னா எழுதுவியோ!” என்று வரிசையில் நின்ற ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். சிரிப்பு கிளம்பியது. அக்கா சிரிக்கவில்லை. கிரைண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் ஏறிய கறை அதன் இடுப்பளவில் கோடாக இருந்தது. அதைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பைக் வந்து நின்றது. இணையச் செய்திச் சேனல் ஒன்றின் நிருபர். மைக்கில் லோகோ பெரிசு, ஆள் சின்னது. கேமராவை ஓடவிட்டு நேராக அக்கா முகத்துக்கு எதிரே மைக்கை நீட்டினார்.

“மேடம், மக்களைக் கீறுவேன்னு பேசியிருக்கீங்க. இது வன்முறையைத் தூண்டாதா?”

‘நான் எழுதினதுங்க’ என்று குறுக்கே பாயப் போனேன். அக்கா மாவுக்கையால் என் வாயைப் பொத்தினார். (இட்லி மாவை நேரடியாகச் சாப்பிட்டது அன்றுதான். உப்புச் சரியாக இருந்தது.)

“தம்பி, உனக்குச் சூட்டுக் கட்டி வந்துக்கீதா?”

“வந்திருக்கு மேடம்.”

“எங்க?”

நிருபர் நெளிந்தார். தெருவே சிரித்தது.

“சரி வாணாம், சொல்லாத. பழுத்துச்சுனா டாக்டரு இன்னா பண்ணாரு? தடவிக் குடுத்தாரா?”

“இல்ல மேடம். கீறினாரு.”

“ஆங்! எங்க தெரு பின்னால கால்வான்னு ஒரு கட்டி கீது. வருசா வருசம் பழுக்குது. மழை பேஞ்சா சீழு அத்தினியும் ஊட்டுக்குள்ள வருது. ஓட்டு கேட்டு வரவங்கல்லாம் தடவிக் குடுத்துட்டுப் போயிக்கினு கீறாங்க. நான் கீறுவேன். ஜனங்கள இல்ல நைனா. கால்வாய!”

“அப்போ ஊட்டி மேடம்?”

“ஊட்டிய நான் பாத்ததே இல்லப்பா. ஜெயிச்சா நீயே இட்டுக்கினு போ.”

விசில் பறந்தது. அந்தத் துண்டு முதல் வீடியோவைவிட வேகமாக ஓடியது. அதற்கு நான் எழுத்து எதுவும் போடவில்லை. மறுநாள் அக்கா வீடு வீடாக நடந்தபோது பிள்ளைகள் “கீறு! கீறு!” என்று பின்னாலேயே ஓடினார்கள். பூனைப் படத்தை அனுப்பிய அதே ஆட்கள் கட்டிக் கதையையும் அனுப்பினார்கள். ஜனங்களுக்குச் சிரிக்க ஒன்று கிடைத்தால் போதும், யார் பக்கம் என்பதெல்லாம் அப்புறம்.

ஜெயித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? நானும் அப்படித்தான் நினைத்து, எண்ணும் இடத்துக்கு வெளியே லட்டோடு நின்றேன். அக்கா தோற்றுவிட்டார். ஒரு பெரிய கட்சியை மூன்றாவது இடத்துக்குத் தள்ளிவிட்டு இரண்டாவதாக வந்தார். கன்னத்தை மூடச் சொன்ன வெள்ளைச் சட்டைக்காரரின் மனைவி ஜெயித்தார். மாலைகளை அவர் கணவர் வாங்கிக்கொண்டார். நான் அழுத அழுகையில் அக்காதான் எனக்கு லட்டு ஊட்டிவிட்டார். நான் கொண்டுபோன லட்டு.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாரும் ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்று சொல்வதில்லை. மாரியப்பனுக்குப் போன் பண்ணி எங்கே என்று கேட்டால், திருமுல்லைவாயில் ரயிலின் இரைச்சலுக்கு நடுவே, “கிணறு கீறுதேன்” என்பார். சங்கரன்கோவிலில் இருக்கும் என் மாமியாருக்கும் அது தொற்றிவிட்டது. பஸ் ஏறியதும், “கிணறு கீறுதேன் தாயி, தோசைக்குப் போடு” என்கிறார். குடும்ப குரூப்பில் நான் எதையாவது திருத்தினால் உடனே ஒரு பூனைப் படம் வரும்.

ஆனால் கதை எண்ணும் இடத்தோடு முடியவில்லை. முடிவு வந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் ஏறுவதற்குள், அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மண்வெட்டியோடு கால்வாய்க்கரையில் வந்து நின்றார்.

“யக்கா, தோத்துட்டோமே?” என்றேன்.

“ஓட்டுதான்டி வர்ல. வாயி வுட்டு சொன்னது சொன்னதுதானே? மழைக்கு ரிசல்ட்டு தெரியுமா?”

நான் நேரலையைப் போட்டேன். பெரிய லோகோவோடு அந்த நிருபரும் வந்துவிட்டார். பத்துப் பேர் நாற்பது பேரானார்கள். நேரலை எந்த வழியாகப் போய் எங்கே தைத்ததோ, சற்று நேரத்தில் தெருமுனையில் ஒரு ஜே.சி.பி. உறுமியது. அதற்கு முன்னால், தூக்கத்தில் எழுப்பிவிட்ட முகத்தோடு, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் கவுன்சிலரின் கணவர் ஓடோடி வந்தார். மூச்சு வாங்கியபடி அக்காவுக்கும் கேமராவுக்கும் நடுவே புகுந்து நின்று, தலைமுடியைத் தடவிவிட்டுக்கொண்டார்.

“நாங்களே இன்னிக்கு ஆரம்பிக்கணும்னுதான் பிளான் பண்ணிக்கினு இருந்தோம். மக்கள் பணின்னா எந்த வேலைக்கும் நான் ரெடி...”

“ரெடியா? நல்லதாப் போச்சு. இத்த கொஞ்சம் புடி நைனா” என்று தன் இரண்டு செருப்பையும் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தேவி அக்கா கால்வாயில் இறங்கினார்.