பரமலிங்கத்தின்ரை தும்பைத் தோட்டம்

"களையோ? ஆர் சொன்னது களையெண்டு? உது தும்பை!"

சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே பரமலிங்கம் மனிசிக்குப் பதில் சொன்னார். கமலாவதி மண்வெட்டியோடை முத்தத்திலை நிண்டா. மாரி மழைக்கு முளைச்ச தும்பை, வளவு முழுக்க முழங்காலளவுக்கு வெள்ளைவெளேரெண்டு பூத்துக் கிடந்தது.

"ஊரெல்லாம் வளவிலை களை செருக்கியாச்சு. எங்கடை வளவிலை மட்டும் பாம்பு குடும்பம் நடத்துது. இந்தாங்கோ, பிடியுங்கோ மண்வெட்டியை."

"செருக்கலாம், கமலா. செருக்கினா தேனீ எங்கை போகும்? வண்ணாத்திப்பூச்சி எங்கை போகும்? அதுகள் வராட்டி உன்ரை பூசணி காய்க்குமே? தும்பைக்குத் தண்ணியும் வேண்டாம், பசளையும் வேண்டாம். எங்கடை வெயிலுக்கும் சாகாது. நாங்கள் செய்யவேண்டியது ஒண்டே ஒண்டுதான்."

"என்ன?"

"ஒண்டும் செய்யாமல் இருக்கிறது."

சங்கக்கடையிலை காலமெல்லாம் அரிசி நிறுத்த மனிசன். பென்சன் எடுத்தபிறகு அவருக்கிருந்த ஒரே ஆசை, வெயில் ஏறுமட்டும் படுக்கிறது. தேனீக் கதை பொய்யில்லை. போனிலை தேடி வாசிச்சதுதான். ஆனா வாசிச்சது, மண்வெட்டியைக் கண்டபிறகு.

"அப்ப சரி," எண்டு கமலாவதி மண்வெட்டியைச் சுவரோடை சாத்தினா. கலியாணம் கட்டின நாள்துவக்கம் அவ வாயிலை வராத சொல்லு. பரமலிங்கம் அப்பவே பயந்திருக்கோணும். மனிசன் குறட்டை விட்டார்.

திருவெம்பாவை தொடங்கிறதுக்கு முதல் வெள்ளி. சிவன் கோயில் ஐயர் தீபம் காட்டி முடிச்சிட்டுச் சனத்தைப் பார்த்தார்.

"சிவனுக்குத் தும்பையெண்டா உயிர். இப்ப ஆர் உதை விட்டு வைக்கினம்? எங்கடை பரமலிங்கம் அண்ணை சாமிக்கெண்டே வளவு முழுக்க வளர்த்திருக்கிறார். திருவெம்பாவை முடியுமட்டும் விடியப்பூசை மாலை அவற்ரை உபயம்!"

சனம் திரும்பிப் பார்த்தது. ஒரு மனிசி அவரைக் கும்பிட்டே விட்டுது. பரமலிங்கத்துக்குக் காதடி சுட்டுது. இல்லையெண்டு சொல்ல வாய் திறந்தார். அதுக்கிடையிலை ஐயர் கையிலை திருநீற்றை வைச்சிட்டார். திருநீற்றை ஏந்திக்கொண்டு, "நான் பஞ்சியிலை, சோம்பலிலை விட்டது" எண்டு எப்பிடிச் சொல்லுறது?

பிறகென்ன? பனிக்குள்ளை, தலை முழுகின ஈரத்தோடை, ரோச் லைற்றை வாயிலை கவ்விக்கொண்டு குந்தியிருந்து பூ ஆய்ஞ்சார். தும்பம்பூ எண்டா பல்லி முட்டையிலை பாதி. ஆய ஆயக் கடகம் நிறையேல்லை. முதுகுதான் முறிஞ்சுது.

"கமலா, இவ்வளவையும் ஆய்ஞ்சா தேனீ பட்டினியெல்லே?"

"வேலிக்கரையைத் தொடாதையுங்கோ, அது தேனீக்கு. நீங்கள் சொன்னது சரிதான், பூசணி இந்தமுறை நல்லாப் பிஞ்சு விட்டிருக்கு."

உதைவிட அவ நாலு பேச்சுப் பேசியிருக்கலாம். சாட்டுக்குச் சொன்னது மெய்யாப் போனதிலை மனிசன் இன்னும் குறுகிப்போனார்.

"அது வந்து கமலா... உந்தத் தேனீக் கதை..."

"தெரியும்." அவ வாழைநாரிலை பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னா. "பஞ்சியெண்டு நான் சொன்னா உங்களுக்கு ரோசம் வரும். அதுதான் ஐயரிட்டைப் போய், சாமியைக்கொண்டு சொல்லுவிச்சனான்."

படலையடியிலை ஐயற்ரை சைக்கிள் மணி கேட்டுது.

"அண்ணை, மாலை ஆயத்தமோ? நாளையிலையிருந்து அம்பாளுக்கும் ஒண்டு வேணும்!"

பரமலிங்கம் கமலாவதியைப் பார்த்தார். அவ வாழைநாரைப் பார்த்தா.

"ஓம் ஐயா, வாறன்," எண்டு மாலையைத் தூக்கிக்கொண்டு படலைக்கு நடந்தார்.