வாடகைப் பகுதியில் ஒரு மரணம்

இறந்துபோன பெண்மணி ஒருவர் காலையில் ‘வீடு வாடகைக்கு’ பகுதியில் வந்திருந்தார்.

வீட்டின் படம் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய படம். கண்ணாடி போட்ட முகம். யாரோ சிரிக்கச் சொன்னதற்காகச் சிரித்தது போல இருந்தது. அதற்குக் கீழே கட்டம் கட்டமாக விவரங்கள். அறைகள்: இரண்டு. தளம்: மூன்றாவது, லிஃப்ட் வேலை செய்யாது. முன்பணம்: வேண்டாம். யாருக்குக் கொடுக்கப்படும்: யார் வந்தாலும் சரி. பார்வையிடும் நேரம்: இன்று காலை முதல் மதியம் வரை. எல்லாவற்றுக்கும் அடியில், ‘கூடுதல் விவரம்’ என்ற கட்டத்தில், ஒரே ஒரு வரி: என் மனைவி நேற்றுக் காலமானார்.

விளம்பரப் பிரிவு அக்கா அதை இரண்டு முறை படித்துவிட்டு, திருத்தத்தைக் கூப்பிட்டார்.

திருத்தம் என்பது அவன் பெயர் அல்ல. அந்தப் பத்திரிகையின் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ள இருந்த ஒரே ஆள் அவன். யார் என்ன கேட்டாலும் “ஒரு சின்னத் திருத்தம்தான், முடிச்சிடறேன்” என்பான். அதனால் அலுவலகம் அவனுக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டது. ஆசிரியர்கூட அப்படித்தான் கூப்பிட்டார்.

முன்பெல்லாம் அந்தத் தளத்தில் எல்லா விளம்பரத்துக்கும் ஒரே படிவம். பையைத் தொலைத்தவரிடமும் பெண் தேடுபவரிடமும் அது ஒரே கேள்விகளைத்தான் கேட்கும். அதற்குத்தான் அவன் ஒரு ப்ளகின், அதாவது தளத்தோடு ஒட்டிக்கொண்டு ஓடும் துணை நிரல், எழுதினான். வாசகர் தன் விளம்பரம் எந்தப் பிரிவு என்று தேர்ந்தெடுத்தால், அந்தப் பிரிவுக்கு உரிய கட்டங்கள் மட்டும் திறக்கும். வாடகை என்றால் எத்தனை அறை என்று கேட்கும். இரங்கல் என்றால் காலமான தேதியும், துயருறுவோர் யார் யார் என்பதும். முந்தின நாள்தான் அதை ஓடவிட்டிருந்தான். அது ஒழுங்காக ஓடினால் வேலை நிரந்தரம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். நர்சாக இருந்த மனைவி, பிறந்த குழந்தைக்காக வேலையை விட்டிருந்தாள். இந்த வேலை போனால் வீட்டில் வேறு சம்பளம் கிடையாது.

“பெரியவர் யாரோ தப்பா அழுத்தியிருப்பாரு, தம்பி” என்றார் அக்கா.

அவன் பார்த்தான். அந்த விளம்பரத்தைப் போட்டவர் வாடகைப் பிரிவைத்தான் தேர்ந்தெடுத்தார் என்று கணினி சொன்னது. அவன் அதை நம்பவில்லை. மனைவியை இழந்த மனிதரைச் சந்தேகப்படுவதைவிடத் தன்னைச் சந்தேகப்படுவது அவனுக்குச் சுலபமாக இருந்தது. நல்ல குணம்தான். ஆனால் நல்ல குணத்தோடு நிரலைத் திறப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது.

இரங்கல் பிரிவைத் தேர்ந்தெடுத்து அவனே ஒரு விளம்பரம் போட்டுப் பார்த்தான். சரியாக வந்தது. மறுபடியும் போட்டான். மறுபடியும் சரியாக வந்தது. அதுதான் அவன் சந்தேகத்தைக் கூட்டியது. கண்ணுக்குத் தெரிகிற தப்பு பரவாயில்லை; தெரியாத தப்புதான் ஆளைக் கொல்லும் என்று அக்காவிடம் விளக்கினான். இரண்டு பிரிவுகளின் அடையாள எண்களும் எங்கோ உள்ளே இடம் மாறியிருக்க வேண்டும், அவற்றை மாற்றி வைத்தால் போதும் என்றான்.

“சின்னத் திருத்தம்தான்” என்று சொல்லி, சரியாக இருந்த இரண்டு எண்களையும் மாற்றி வைத்தான்.

அரை மணி நேரத்தில் தொலைபேசி அலறத் தொடங்கியது. புது வீடு கட்டி வாடகைக்கு விளம்பரம் கொடுக்க முயன்ற ஒருவர் முதலில் பேசினார். “என் வீட்டுக்கு ஏங்க சாவு தேதி கேக்குது? இன்னும் பெயிண்ட்டே காயல.” அவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள், ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் மகன் இணைப்பில் வந்தார். அவருடைய அப்பாவின் இரங்கல் செய்தியில், ‘யாருக்குக் கொடுக்கப்படும்: மனைவி, இரண்டு மகன்கள்’ என்று இருந்தது. மகன் கத்தவில்லை. நிதானமாக, ஒவ்வொரு சொல்லையும் வாசித்துக் காட்டினார். அக்கா அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடுத்த திருத்தம். எந்தக் கட்டம் எந்தப் பிரிவுக்கு என்ற வம்பே வேண்டாம், இப்போதைக்கு எல்லாக் கட்டமும் எல்லாருக்கும் திறக்கட்டும் என்று முடிவு செய்தான். வேண்டியதை நிரப்பிக்கொள்வார்கள். ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் கட்டாயம் நிரப்பியே தீர வேண்டும் என்று தானே எழுதியிருந்த வரியை மறந்துபோனான்.

மகனுக்குப் பெண் தேடிய ஓர் அம்மா அந்தப் படிவத்தில் மாட்டிக்கொண்டார். தொலைந்த பொருள் பிரிவின் கட்டங்களும் அவர் முன் திறந்திருந்தன. கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையைச் சொல்லும் வளர்ப்பு அவருக்கு. ‘கடைசியாகக் காணப்பட்ட இடம்’ என்பதற்கு, ‘சமையலறை, சாப்பிட்டுக்கொண்டிருந்தான்’ என்று எழுதியிருந்தார். ‘கண்டுபிடித்துத் தருபவருக்கு’ என்பதற்கு, ‘நன்றியுடன் இருப்போம்’.

“பொண்ணு வீட்டுல, பையன் எத்தனை தடவை காணாம போயிருக்கான்னு கேக்கறாங்கப்பா” என்று தொலைபேசியில் அழுதார்.

திருத்தம், கடவுளே என்று கண்ணை மூடிக்கொண்டு ப்ளகினையே நிறுத்தினான். நிறுத்தியதும் தளத்தில் இருந்த கட்டங்கள் அத்தனையும் மறைந்தன. தேதியும் நேரமும் முகவரியும் போயின. இரங்கல் பகுதியில் முகங்கள் மட்டும் வரிசையாக நின்றன. எப்போது இறந்தார்கள், எங்கே வரவேண்டும் என்று எதுவும் இல்லை. வாடகைப் பகுதியில் அந்தப் பெண்மணி தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பழைய பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்கலாம். ஆனால் சாயங்காலம் ஆகிவிடும்.

ஆசிரியர் அறைக்கு அழைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். மற்றதையெல்லாம் தான் சமாளித்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் ஒரு மனிதரின் மனைவியை இரண்டு அறை வீடாகப் போட்டதை எந்தக் காலத்திலும் யாரும் மறக்க மாட்டார்கள்.

“நேர்ல போங்க. பரவாயில்லன்னு அவர் வாயால ஒரு வார்த்தை வாங்கிட்டு வாங்க. வாங்க முடியலன்னா, இங்க திரும்பி வரவேண்டாம்.”

அக்கா காலையிலேயே குறித்துவைத்திருந்த முகவரியை வாங்கிக்கொண்டு, விளம்பரம் போட்ட பெரியவரின் எண்ணுக்குக் கூப்பிட்டான். விடாமல் வேறு அழைப்பில் இருந்தது. யார் யாரோ ‘வீடு காலியா’ என்று கேட்டு அவரைக் குதறிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தபோது, மறுபடி அந்த எண்ணை அழுத்த அவனுக்கு மனம் வரவில்லை. மனைவியைக் கூப்பிட்டான். என்ன சொல்லி அந்த வீட்டுக்குள் நுழைவது என்று கேட்டான். அந்தப் பக்கம் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“இழவு வீட்டுக்குப் போக என்னங்க சொல்லணும்?” என்றாள் அவள். “மன்னிப்பை அப்புறம் கேளுங்க. முதல்ல போய் அவர் பக்கத்துல நில்லுங்க. அங்க என்ன வேலை இருக்கோ அதைச் செய்யுங்க.”

பேருந்தில் அவன் நின்றுகொண்டே போனான். உட்கார இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

அந்தக் கட்டடத்தின் வாசலில் சவ வண்டி நின்றிருந்தது. உள்ளே கால் வைத்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான். படிக்கட்டு முழுக்க ஆட்கள். கைக்குழந்தையோடு ஒரு ஜோடி, முதுகில் பையோடு நான்கைந்து மாணவர்கள், காதில் பேனா செருகிய ஒரு வீட்டுத் தரகர். எல்லாரும் வீடு பார்க்க வந்தவர்கள். ஏமாந்துபோய், யார் மேல் பாய்வது என்று காத்திருக்கிறார்கள். நியாயமான கூட்டம்தான் என்று எண்ணி, அடி வாங்கும் மனத்தோடு ஏறினான்.

யாரும் அவனை அடிக்கவில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு பெண் அளவு டேப்பை விரித்து, சுவரிலிருந்து கைப்பிடி வரை அளந்துகொண்டிருந்தாள். கட்டில் நுழையுமா என்று பார்க்க அவள் கொண்டுவந்த டேப். இப்போது, உடலைப் படுக்கவைத்தபடியே அந்தத் திருப்பத்தில் இறக்க முடியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நேரா வராது. தலைப்பக்கம் கொஞ்சம் தூக்கணும்” என்று மேலே பார்த்துச் சொன்னாள். மாணவர்கள் தலையாட்டினார்கள். தரகர், வண்டிக்காரரை இன்னும் சற்றுப் பொறுக்கச் சொல்லிக் கீழே குரல் கொடுத்தார்.

திருத்தம் அவளிடம் மெதுவாக விசாரித்தான். விளம்பரத்தைப் படித்தவர்கள், முன்பணம் வேண்டாம் என்ற இடத்தோடு நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார்கள். கடைசி வரிவரை யாரும் போகவில்லை. மேலே வந்தால் கதவு திறந்திருக்கிறது. பெரியவர் ஒருவர் மட்டும் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். பிள்ளை இல்லை, சொந்தம் என்று யாரும் இல்லை. வண்டிக்காரர் தனியாளாக எப்படி மூன்று மாடி இறக்குவது என்று வாசலில் நின்று முனகிக்கொண்டிருக்கிறார்.

“வீடு பாக்க வந்தோம்னு சொல்ல வாய் வரலைங்க” என்றாள் அவள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “நீங்களும் அம்மாவைத் தெரியும்னு சொல்லிடுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கோம். நான் அவங்ககிட்ட தையல் கத்துக்கிட்டேன். அந்தப் பசங்க அவங்க கையால சாப்பிட்டிருக்காங்க. தரகர் தூரத்துச் சொந்தம். மாத்திச் சொல்லிடாதீங்க, பாவம், மனசு உடைஞ்சிடும்.”

அவன் மேலே போனான். அறை சிறியது. யாரோ எல்லா ஜன்னல்களையும் திறந்துவிட்டிருந்தார்கள், யாரோ சமையலறையில் தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். அம்மாவைத் தெரியும் என்று அவனும் சொன்னான். அது முழுப் பொய்யும் அல்ல. காலையிலிருந்து அந்த முகத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவர் கைகூப்பினார்.

ஆறு பேராகத் தூக்கினார்கள். இடது ஓரத்தில் அவன் தோள் கொடுத்தான். அந்தப் பெண் டேப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் பின்னோக்கி இறங்கினாள். திருப்பத்தில் “மெதுவா, மெதுவா, தலைப்பக்கம்” என்றாள். சுவரில் எங்கும் இடிக்காமல், அந்த அம்மா கீழே வந்து சேர்ந்தார். கூட்டத்தில் சிலர் அழுதார்கள். எதற்கு அழுகிறோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. கடவுளுக்குத் தெரிந்திருக்கும்.

வண்டிக் கதவு சாத்தியதும், திருத்தம் பெரியவரை ஓரமாக அழைத்தான். தான் யார் என்று சொன்னான். பிரிவு, கட்டம், ப்ளகின் என்று புரியாத சொற்களாகவே வந்தன. கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உங்கள் மனைவியின் செய்தியை வீட்டு விளம்பரமாக்கியது என் தப்பு, மன்னித்துவிடுங்கள் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

பெரியவர் அவனைத் தேற்றுவது போலத் தோளில் தட்டினார். வண்டியைச் சுற்றி நின்ற கூட்டத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, அவர்கள் காதில் விழாதபடி குனிந்து சொன்னார்:

“உங்க ப்ளகின்ல ஒரு தப்பும் இல்ல தம்பி, இரங்கல்னு போட்டா எங்களுக்கு யார் வரப்போறான்னுதான், நானே வாடகையில போட்டேன்.”